எம்எஸ்சி முடிச்சிட்டு நிலா ஆராய்ச்சிக்குப் போகணுமா? பேப்பர், காசு, தேதி: நான் பட்டதை வெச்சு ஒரு வழிகாட்டி

நான் சேலம் பக்கம் ஒரு காலேஜ்ல எம்எஸ்சி ஜியாலஜி முடிச்சவன், இப்ப அகமதாபாத்ல பிஎச்டி. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழு வருஷம் வீணாப் போச்சுங்க. பரீட்சைல கோட்டை விட்டு இல்ல. ஜேஆர்எஃப் (பிஎச்டி பண்றவங்களுக்கு மாசா மாசம் குடுக்கிற உதவித்தொகை) கைல இருந்துச்சு, ஒரு இடத்துல இண்டர்வியூவும் நல்லாவே போச்சு, ஆனா சர்டிபிகேட் பார்க்கிற மேசைல நான் நீட்டின ஓபிசி சர்டிபிகேட் பிப்ரவரில வாங்கினது, இண்டர்வியூ நடந்தது ஜூன்ல, நடுவுல புது நிதியாண்டு தொடங்கற ஏப்ரல் 1 வந்துட்டுப் போயிருச்சு. "புதுசு கொண்டு வா, ஒரு வாரம் டைம்"னாங்க. ஒரு வாரத்துல நம்ம ஊர்ல என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

நிலா, செவ்வாய், விண்கல் இதுல எல்லாம் ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசைப்படற தம்பி தங்கச்சிங்க வாரத்துக்கு ஒருத்தராவது மெசேஜ் போடறாங்க, எல்லாருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன். ஃபீஸ் கணக்கெல்லாம் நான் கடைசியாப் பார்த்தது, கட்டறதுக்கு முன்னாடி அந்த வருஷ நோட்டிபிகேஷன ஒரு தடவ பாத்துக்குங்க.

1. எந்த வாசல் வழியா உள்ள போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

கோள் அறிவியல்னா டெலஸ்கோப்புல கண்ண வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற வேலைன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. இங்க பாதிப் பேரு ஜியாலஜிக்காரங்க. மீதிப் பேரு ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ரிமோட் சென்சிங், கொஞ்சம் இன்ஜினியரிங். அதனால "நான் அஸ்ட்ரானமி படிக்கலையே"ன்னு ஒதுங்கி நிக்காதீங்க.

பரீட்சை மூணு. உங்க டிகிரிக்கு எது பொருந்துதோ அதுல குறைஞ்சது ரெண்டு எழுதுங்க, ஒண்ண மட்டும் நம்பி உக்காராதீங்க.

சிஎஸ்ஐஆர் நெட், அதாவது அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு. இதுல "புவி, வளிமண்டலம், கடல், கோள் அறிவியல்"னு ஒரு தாள் இருக்கு, ஜியாலஜி பசங்களுக்கு அதுதான். ஃபிசிக்ஸ் பசங்களுக்கு பிசிக்கல் சயின்சஸ். மொத்தம் 200 மார்க், 3 மணி நேரம். புவி அறிவியல் தாள்ல சி பகுதில 80 கேள்வி குடுப்பாங்க, 25 எழுதினாப் போதும், ஒவ்வொண்ணும் 4 மார்க். இதுல என்ன சூட்சுமம்னா, கடலும் வளிமண்டலமும் தெரியாட்டியும் அந்த 25ஐயும் ஜியாலஜிலயே எடுத்துரலாம், நான் அப்படித்தான் எழுதினேன், முதல் தடவ எல்லாத்தையும் தொட்டுப் பாத்து நெகட்டிவ் மார்க்ல செம அடி வாங்கினதுக்கு அப்புறம் வந்த புத்தி அது. எம்எஸ்சில 55 சதவீதம் வேணும், எஸ்சி எஸ்டிக்கு 50. ஜேஆர்எஃப்புக்கு வயசு 30, ஓபிசிக்கு 3 வருஷம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 5 வருஷம் தளர்வு உண்டு. ஃபீஸ் பொதுப் பிரிவுக்கு 1150 ரூபா, ஓபிசிக்கு 600, எஸ்சி எஸ்டிக்கு 325. வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூன் டிசம்பர்னு பேரு, ஆனா பேருல இருக்கிற மாசத்துலயே நடக்கும்னு நம்பி டிக்கெட் எல்லாம் போட்டுறாதீங்க. கடைசி வருஷம் படிக்கிறப்பவே எழுதலாம், இதைத் தெரியாமலே நிறைய பேரு ஒரு வருஷத்த விட்டுடறாங்க.

கேட், ஐஐடிங்க நடத்தற தகுதித் தேர்வு. பிப்ரவரில நடக்கும், அப்ளிகேஷன் முந்தின வருஷம் ஆகஸ்ட் கடைசி வாக்குல திறக்கும். ஜியாலஜியும் ஜியோபிசிக்ஸும் சேர்ந்த தாள் ஒண்ணு, ஃபிசிக்ஸ் தாள் ஒண்ணு. ஃபீஸ் 2000 ரூபா, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் பாதி. ஸ்கோர் 3 வருஷம் செல்லும், அதனால எம்எஸ்சி முதல் வருஷத்துலயே ஒரு தடவ எழுதிப் போட்டுடுங்க.

ஜெஸ்ட், பிஎச்டி சேர ஒரு பொது நுழைவுத் தேர்வு. ஃபிசிக்ஸ் பசங்களுக்கு. ஜியாலஜி ஆளுங்க இத மறந்துடலாம்.

ஒரு பொறி சொல்றேன். 2024ல இருந்து நெட் ரிசல்ட்ல மூணு வகை வருது: ஜேஆர்எஃப், அசிஸ்டண்ட் ப்ரொஃபசர் கூட பிஎச்டி, அப்புறம் பிஎச்டிக்கு மட்டும். கடைசி ரெண்டு வகைல வர்றவங்களுக்கு அந்த மார்க்கு பிஎச்டி அட்மிஷனுக்கு ஒரு வருஷம்தான் செல்லும். என் கூடப் படிச்ச ஒருத்தன் "நெட் கிளியர் பண்ணியாச்சு"ன்னு ஊரெல்லாம் லட்டு குடுத்துட்டு ஒன்றரை வருஷம் கழிச்சு அப்ளை பண்ணப் போனான்.

2. ஓபிசி சர்டிபிகேட்: இத முழுசாப் படிங்க

வேற எதையும் படிக்காட்டியும் பரவால்ல, பிசி எம்பிசி பசங்க இத மட்டும் தவறாமப் படிங்க.

நம்மகிட்ட பத்தாவது படிக்கிறப்ப வாங்கின கம்யூனிட்டி சர்டிபிகேட் இருக்கும், பிசின்னோ எம்பிசின்னோ போட்டிருக்கும், அது காலத்துக்கும் செல்லும். அது தமிழ்நாட்டு அரசு வேலைக்கும் காலேஜுக்கும். மத்திய அரசு சம்பந்தப்பட்ட எந்த இடத்துலயும், நெட், கேட், ஐஐடி, ஆராய்ச்சி நிலையம் எதுவா இருந்தாலும், அத நீட்டினா ஏறிட்டுக் கூடப் பாக்க மாட்டாங்க. அவங்க கேக்கறது மத்திய அரசு ஃபார்மேட்ல இருக்கிற, கிரீமி லேயர்ல (ஓபிசிக்குள்ள வசதியானவங்க) வரலைன்னு எழுதியிருக்கிற ஓபிசி சர்டிபிகேட். அது தனி. தனியா அப்ளை பண்ணணும்.

முதல் வேலை, உங்க சாதி மத்திய ஓபிசி பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. தமிழ்நாட்டு பிசி பட்டியல்ல இருக்கிற எல்லாமே மத்தியப் பட்டியல்ல இல்ல, எழுத்து வித்தியாசம் கூட தகராறு பண்ணும். இருந்தா, இ-சேவை மையத்துக்குப் போங்க, கேன் நம்பர் (இ-சேவைல உங்க பதிவு எண்) இல்லாட்டி அங்கயே போட்டுக் குடுப்பாங்க, கட்டணம் 60 ரூபா. கம்யூனிட்டி சர்டிபிகேட், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, அப்பா அம்மாவோட வருமானத்துக்கு ஆதாரம், இதெல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தணும். அப்புறம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஃபைல் ஒவ்வொரு படியா ஏறும். ஆன்லைன்தானே, தானா நகரும்னு வீட்ல உக்காந்திருந்தேன், 12 நாள் விஏஓ கிட்டயே தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நேர்ல போய் "சார், என் அப்ளிகேஷன் ஒண்ணு உங்ககிட்ட நிக்குது"ன்னு சொன்ன அன்னைக்கு சாயங்காலமே நகந்துருச்சு. கோவப்படாம, காலைல 10 மணிக்கு, பிரிண்ட் அவுட்டோட போங்க.

கிரீமி லேயருக்கு வருஷத்துக்கு 8 லட்சம் வருமான வரம்புன்னு ஒண்ணு சொல்வாங்க. அந்தக் கணக்குல சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேக்கக் கூடாது, இது நிறைய பேருக்குத் தெரியாது, எனக்கு இ-சேவை மைய அண்ணனே "உங்கப்பா மில்லுல வேலை, சம்பளம் போடுங்க, கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம்"னாரு. பொய்யே தேவையில்ல. ஆனா அப்பாவோ அம்மாவோ குரூப் ஏ மாதிரி உயர் அரசுப் பதவில இருந்தா அது வேற கதை, அங்க பதவியத்தான் பாப்பாங்க.

இப்ப தேதி. இந்த சர்டிபிகேட் நிதியாண்டுக் கணக்கு. மார்ச்ல வாங்கினது ஏப்ரல்ல பழசு. பிஎச்டி இண்டர்வியூ பெரும்பாலும் மே, ஜூன், ஜூலைல வரும், அதனால ஏப்ரல் முதல் வாரத்துலயே புதுசுக்குப் போட்டுடணும், ஒவ்வொரு வருஷமும். பரீட்சை அப்ளிகேஷன்ல "இந்தத் தேதிக்கு அப்புறம் வாங்கினது"ன்னு ஒரு வரி இருக்கும், அந்தத் தேதிய போன்ல அலாரமா வெச்சுக்குங்க. பொருளாதாரத்துல பின்தங்கிய பொதுப் பிரிவு சர்டிபிகேட்டுக்கும் இதே வருஷக் கணக்குதான்.

3. மத்த பேப்பர்

ஒரு ப்ளாஸ்டிக் ஃபைல் வாங்கி இதெல்லாம் சேத்து வெச்சுக்குங்க: பத்தாவது மார்க்ஷீட் (பொறந்த தேதிக்கு), பன்னெண்டாவது, யுஜி பிஜி எல்லா செமஸ்டர் மார்க்ஷீட்டும், ப்ரொவிஷனல், கான்வகேஷன் டிகிரி, டிசி. இதுல மூணு விஷயத்துலதான் ஆளுங்க மாட்டறாங்க.

சிஜிபிஏவ சதவீதமா மாத்தற லெட்டர். "7.8 இருக்கு, பத்தால பெருக்கினா 78"னு நீங்களா போடக் கூடாது, யுனிவர்சிட்டி என்ன ஃபார்முலா வெச்சிருக்கோ அத அவங்க லெட்டர்பேட்லயோ மார்க்ஷீட் பின்னாடியோ காட்டணும். 55 சதவீதம் பக்கத்துல நிக்கறவங்களுக்கு இது உயிர்நாடி.

மைக்ரேஷன் சர்டிபிகேட். வேற யுனிவர்சிட்டில பிஎச்டி ரெஜிஸ்டர் பண்றப்ப கேப்பாங்க. இத வாங்க டிசி, மார்க்ஷீட் ஜெராக்ஸ், ஃபீஸ் கட்டின சலான் எல்லாம் வேணும், சில யுனிவர்சிட்டில ஒரு மாசம் ஆகும். காலேஜ விட்டு வர்றப்பவே அப்ளை பண்ணிடுங்க.

பேரு. ஆதார்ல "கே. முருகன்", மார்க்ஷீட்ல "முருகன் கே", பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா. நம்ம ஊர் இனிஷியல வடக்க யாருக்கும் புரிய வைக்க முடியாதுங்க, அந்த ஃபார்ம்ல கடைசிப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும், அத நிரப்பாம விடாது. எல்லா இடத்துலயும் பத்தாவது மார்க்ஷீட்ல இருக்கிற மாதிரியே போடுங்க, மாறியிருந்தா இப்பவே திருத்துங்க.

பாஸ்போர்ட்டையும் இப்பவே எடுத்துடுங்க, சாதாரணமா 36 பக்கத்துக்கு 1500 ரூபா, தத்கால்னா மேல 2000. எதுக்குன்னு ஏழாவதுல சொல்றேன்.

4. செய்தி எங்க வரும், எது டுபாக்கூர்

பிஆர்எல் (அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம்), ஐஐஎஸ்டி (திருவனந்தபுரம் விண்வெளிக் கல்வி நிலையம்), எஸ்ஏசி (அகமதாபாத்ல இஸ்ரோவோட பயன்பாட்டு மையம்), விஎஸ்எஸ்சி (திருவனந்தபுரத்துல இஸ்ரோவோட ராக்கெட் மையம்) இவங்களோட கேரியர் பக்கத்த வாரம் ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை காலைல டீயோட, நேர்ல திறந்து பாருங்க. யூடியூப்ல வர்ற "இஸ்ரோ வேலைவாய்ப்பு" வீடியோவெல்லாம் கடைசித் தேதி முடிஞ்சப்புறம்தான் நம்ம கண்ணுல படும். உலக அளவுல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை), பிஎச்டி, மாநாட்டுத் தேதி எல்லாம் வாரா வாரம் பிளானெட்டரி எக்ஸ்ப்ளொரேஷன் நியூஸ்லெட்டர்ல வரும், அமெரிக்கால பிளானெட்டரி சயின்ஸ் இன்ஸ்டிடியூட்காரங்க நடத்தறது, இலவசம், ஈமெயில் குடுத்தாப் போதும். நம்ம நாட்டுல இந்தியன் பிளானெட்டரி சயின்ஸ் கான்பரன்ஸ்னு ஒண்ணு பிஆர்எல் முயற்சில நடக்குது, முதல் அப்ஸ்ட்ராக்ட் (ஆராய்ச்சிச் சுருக்கம்) அனுப்ப அதவிட நல்ல இடம் இல்ல.

இப்ப ஏன் இந்தத் துறைக்கு வரலாம்னா, 2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை சந்திரயான்-4க்கு 2104 கோடியும் வெள்ளிக்கு ஆர்பிட்டர் அனுப்ப 1236 கோடியும் ஒதுக்கி ஒப்புதல் குடுத்துச்சு. சந்திரயான்-4 நிலாவுல இருந்து மண்ணு கொண்டு வர்ற திட்டம். மண்ணு வந்தா அத உடைச்சு அளந்து பாக்க ஆளு வேணும், லேப் வேணும், அந்த ஆளுங்க இப்ப எம்எஸ்சி படிச்சிட்டு இருக்கிறவங்கதான்.

டுபாக்கூர் பத்தி: காசு கேட்டா ஓடுங்க. "விண்வெளி இன்டர்ன்ஷிப், 15 நாள், 4999 ரூபா, சர்டிபிகேட் உறுதி"ன்னு வர்றது எதுவும் எந்த இண்டர்வியூலயும் ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்ல. இஸ்ரோவோட ஸ்டார்ட் ஆன்லைன் வகுப்பும், டேராடூன் ஐஐஆர்எஸ் (ரிமோட் சென்சிங் நிலையம்) நடத்தற ஆன்லைன் வகுப்புகளும் இலவசம். இஸ்ரோ சென்டர்ல இன்டர்ன்ஷிப் போகணும்னா 60 சதவீதம் இல்லன்னா பத்துக்கு 6.32 சிஜிபிஏ வேணும், காலேஜ்ல இருந்து லெட்டர் வேணும், ஸ்டைபண்ட் கிடையாது, தங்கற சாப்பாட்டுச் செலவு நம்மளோடது. அதே மாதிரி "உங்க கட்டுரைய 3 நாள்ல பப்ளிஷ் பண்றோம், 6000 ரூபா"ன்னு வர்ற மெயில். என் எம்எஸ்சி ப்ராஜெக்ட்ட அப்படி ஒரு ஜர்னல்ல போட்டேன், இன்னைக்கு வரைக்கும் பயோடேட்டாவுல அத மறைச்சுக்கிட்டு இருக்கேன்.

5. கைல ஒரு சின்ன வேலை வெச்சுக்குங்க, டேட்டா ஃப்ரீ

இண்டர்வியூல எல்லார்கிட்டயும் மார்க் இருக்கும். "நான் இந்தக் கிரேட்டரப் (விண்கல் மோதின குழி) பாத்தேன், இது தெரிஞ்சது, இது புரியல"ன்னு சொல்ற ஆளு ரொம்பக் கம்மி.

இஸ்ரோவோட சந்திரயான் டேட்டா எல்லாம் பெங்களூரு பக்கம் பியாலாலுல இருக்கிற டேட்டா சென்டர்ல இருந்து பிரதான்ங்கற போர்ட்டல் வழியா வருது. ஈமெயில் குடுத்து ரெஜிஸ்டர் பண்ணினா போதும், பைசா செலவில்ல. சந்திரயான்-2ல ஓஎச்ஆர்சி கேமரா 25 செண்டிமீட்டர் அளவுக்குத் தெளிவா எடுக்கும், பாறாங்கல்ல எண்ணலாம். டிஎம்சி-2 கேமரா 5 மீட்டர், அதுல இருந்து எடுத்த உயர மாடலும் கிடைக்கும். ஐஐஆர்எஸ் (டேராடூன் நிலையம் இல்ல, அதே பேருல ஒரு கருவி) 0.8ல இருந்து 5 மைக்ரான் வரைக்கும் ஸ்பெக்ட்ரம் (எந்த அலைநீளத்துல எவ்ளோ ஒளி வருதுங்கற அளவு) எடுக்கும், கனிமம் பாக்கறதுக்கு.

புதுசா வர்றவங்க எல்லாம் நேரா ஐஐஆர்எஸ்ல கைய வெப்பாங்க, ஏன்னா அதுல தண்ணி தெரியுமாமேன்னு. வேண்டாம். ஃபைல் ஒவ்வொண்ணும் ஜிபி கணக்குல இருக்கும், இறங்கினதும் வர்றது ரேடியன்ஸ் (கருவிக்கு வந்து சேந்த ஒளி), அத ரிஃப்ளெக்டன்ஸா (விழுந்த ஒளில எவ்ளோ திரும்பி வந்துச்சுங்கற பங்கு) மாத்தணும், நிலாவோட சொந்தச் சூட்டக் கழிக்கணும், அதுக்குள்ள உங்க லேப்டாப் அழுதுரும். டிஎம்சி-2ல ஆரம்பிங்க. ஒரு கிரேட்டர், அதோட ஆழம், விட்டம், சுவர்ல சரிவு, உள்ள எங்க மண்ணு சரிஞ்சிருக்கு, அவ்ளோதான், ரெண்டு மாச வேலை. மேப் சாஃப்ட்வேர் க்யூஜிஐஎஸ், இலவசம். படத்துக்குக் கூட ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வரும், அதத்தான் க்யூஜிஐஎஸ்ல இழுத்துப் போடணும், படத்த இல்ல, இது தெரியாம நான் நாலு நாள் முட்டிக்கிட்டேன்.

இன்னொரு பொறி, இதுல நான் மானத்தையே விட்டேன். க்யூஜிஐஎஸ் சும்மா விட்டா பூமின்னே நினைச்சுக்கும். நிலாவோட ஆரம் 1737.4 கிலோமீட்டர், பூமியோடது 6378. கோஆர்டினேட் சிஸ்டத்துல நிலாவத் தேர்ந்தெடுக்காம அளந்தா எல்லா நீளமும் 3.6 மடங்குக்கு மேல வரும். நான் 11 கிலோமீட்டர் கிரேட்டர 40 கிலோமீட்டர்னு ஸ்லைடு போட்டு, முன்னாடி உக்காந்திருந்த பேராசிரியர் "தம்பி, இது எந்தக் கிரகம்?"னாரு.

நம்ம ஊருக்கு ஒரு அனுகூலம் இருக்கு, அத விட்டுறாதீங்க. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டில கிடைக்கிற அனார்த்தசைட் பாறை நிலாவோட மேட்டு நிலப் பாறைய ஒத்தது, சந்திரயான் லேண்டர் சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண்ணு தயாரிச்சது அந்தப் பக்கத்துப் பாறைய அரைச்சுத்தான், சேலம் பெரியார் யுனிவர்சிட்டி ஜியாலஜி துறை அதுல கூட நின்னுச்சு. சேலம், நாமக்கல், ஈரோடு பசங்களுக்கு பஸ் காசுல ஒரு நிலா ஃபீல்டு ட்ரிப். ஒரு கல்லு எடுத்து தின் செக்ஷன் (ஒளி ஊடுருவற அளவுக்கு மெலிசாத் தேச்ச துண்டு) போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு இண்டர்வியூக்குப் போங்க, பேச்சே வேற மாதிரி இருக்கும்.

6. எங்க அப்ளை பண்றது, மெயில் எப்படி எழுதறது

அகமதாபாத் பிஆர்எல்ல கோள் அறிவியலுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, சந்திரயான்-3 ரோவர்ல இருந்த, மண்ணுல என்ன தனிமம்னு பாக்கற ஏபிஎக்ஸ்எஸ் கருவி அங்க செஞ்சதுதான். திருவனந்தபுரத்துல விஎஸ்எஸ்சிக்குள்ள எஸ்பிஎல் (விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம்), அங்க வளிமண்டலம், பிளாஸ்மா, நிலாத் தரையோட வெப்பநிலை மாதிரி வேலை, ஃபிசிக்ஸ் பசங்களுக்குத் தோது. அதே மாவட்டத்துலயே ஐஐஎஸ்டி. ஐஐடி கான்பூர்ல விண்வெளி, கோள், வானியல் அறிவியலுக்குத் தனித் துறை இருக்கு. புவனேஸ்வர் நைசர்ல (மத்திய அரசு அறிவியல் கல்வி நிலையம்) புவி கோள் அறிவியல் பள்ளி. இது போக ஐஐடி, ஐசர்கள்ல ஒண்ணு ரெண்டு பேராசிரியருங்க தனியா இந்த வேலை பண்ணிட்டு இருப்பாங்க, அவங்கள கட்டுரை வழியாத்தான் கண்டுபிடிக்கணும்.

மெயில் எழுதறப்ப "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா"ன்னு 40 பேருக்கு ஒரே மெயில பிசிசி போடாதீங்க, எல்லாருக்கும் தெரியும் அது. அவங்க சமீபத்துக் கட்டுரை ஒண்ணப் படிச்சிட்டு, ஒரு உருப்படியான கேள்வி, நீங்க பண்ணின வேலை நாலு வரி, எந்தப் பரீட்சை கிளியர் பண்ணியிருக்கீங்க, பயோடேட்டா ரெண்டு பக்கம் பிடிஎஃப். அவ்ளோதான். பதில் வரலைன்னா 10 நாள் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். நான் 17 மெயில் போட்டேன், 3 பதில் வந்துச்சு, அதுல ஒண்ணு "இப்ப இடமில்ல".

ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்கற இடத்துல ஆபீஸ் ஈமெயில் கேப்பாங்க. நம்ம காலேஜ் சாருங்க பாதிப் பேரு ஜிமெயில்தான் வெச்சிருப்பாங்க, போர்ட்டல் அத ஏத்துக்காது. ஒரு மாசம் முன்னாடியே சார்கிட்டச் சொல்லி காலேஜ் ஐடிய உயிர்ப்பிக்க வெச்சிடுங்க, அந்தப் பாஸ்வேர்டு எங்க இருக்குன்னு தேடவே ஒரு வாரம் ஆகும்.

ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப்னு (ஒரு ப்ராஜெக்ட் காசுல எடுக்கிற ஆராய்ச்சி வேலை) விளம்பரம் வந்தா சேரலாம், தப்பில்ல, ஆனா சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: ப்ராஜெக்ட் இன்னும் எத்தன மாசம் பாக்கி? இதுல பிஎச்டி ரெஜிஸ்டர் பண்ண விடுவீங்களா? 3 வருஷ ப்ராஜெக்ட்ல ரெண்டரை வருஷம் ஓடினதுக்கு அப்புறம் ஆள் எடுக்கறது சகஜம்.

7. இண்டர்வியூ, அப்புறம் பாஸ்போர்ட் ஏன்

எம்எஸ்சி அடிப்படையத்தான் கேப்பாங்க, புதுச் செய்தி கம்மி. எனக்கு வந்தது: நிலாவோட மேட்டு நிலம் ஏன் அனார்த்தசைட்? (மாக்மா கடல், அதாவது ஆரம்பத்துல நிலாவ மூடியிருந்த உருகின பாறைக் குழம்பு, ஆறுறப்ப லேசான பிளேஜியோகிளேஸ் கனிமம் மேல மிதந்ததுன்னு ஆரம்பிச்சேன், அங்கிருந்து பத்து நிமிஷம் தோண்டினாங்க.) ஸ்பெக்ட்ரத்துல 1 மைக்ரான் பக்கத்துல பள்ளம் விழுந்தா எந்தக் கனிமம்? கிரேட்டர எண்ணி வயசு எப்படிச் சொல்றீங்க? சந்திரயான்-1ல இருந்த எம்3 கருவி 3 மைக்ரானோட நின்னுருச்சு, ஐஐஆர்எஸ் 5 வரைக்கும் போகுது, அதனால என்ன லாபம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிஞ்சது அஞ்சாவது பாயிண்ட்ல சொன்ன அந்த லேப்டாப் அழுகையாலதான்: தண்ணியோட பள்ளம் 3 மைக்ரான் பக்கத்துலதான் விழும், அதத் தாண்டி அளந்தாத்தான் பள்ளத்தோட முழு வடிவமும் தெரியும், சூட்டோட பங்கையும் கழிக்க முடியும். தெரியாததத் தெரியலைன்னு சொல்லிடுங்க, உருட்டினா அங்கயே பிடிச்சுக்குவாங்க. இங்கிலீஷ் தடுமாறினா ஒண்ணும் ஆகாது, போர்டுல படம் போட்டுக் காட்டுங்க.

பாஸ்போர்ட் எதுக்குன்னா, இந்தத் துறைல பெரிய சந்தை வருஷா வருஷம் மார்ச்ல டெக்சஸ்ல ஹூஸ்டன் பக்கம் தி உட்லண்ட்ஸ்ல நடக்கிற எல்பிஎஸ்சி, அதாவது நிலா, கோள் அறிவியல் மாநாடு. அப்ஸ்ட்ராக்ட் ரெண்டே பக்கம், கடைசித் தேதி ஜனவரி முதல் வாரம் வாக்குல. செலெக்ட் ஆகி லெட்டர் வந்ததுக்கு அப்புறம் அமெரிக்க விசாவுக்கு ஸ்லாட் தேடினா மார்ச்சுக்குள்ள கிடைக்கிறது உங்க அதிர்ஷ்டம். விசா ஃபீஸ் 185 டாலர், திரும்பக் கிடைக்காது. நிலா, ராக்கெட், சென்சார்னு வேலையச் சொன்னதும் கூடுதல் சோதனைன்னு விசாவ நிறுத்தி வெக்கறதும் உண்டு, பயோடேட்டா, ஆராய்ச்சிச் சுருக்கம், கட்டுரைப் பட்டியல் கேப்பாங்க, வாரக் கணக்குல ஆகும். அதனால அப்ஸ்ட்ராக்ட் எழுதற மாசத்துலயே விசாவையும் ஆரம்பிச்சிடணும். மாநாட்டுல மாட்டற போஸ்டர நம்ம ஊர்லயே துணில பிரிண்ட் பண்ணி மடிச்சுப் பெட்டில வெச்சுக்குங்க, அட்டை ட்யூப தூக்கிக்கிட்டு மூணு ஏர்போர்ட் அலையற வேலை மிச்சம்.

8. காசுக் கணக்கு, சேர்ற நாள்

ஜேஆர்எஃப் முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் எஸ்ஆர்எஃப் (அதே உதவித்தொகையோட அடுத்த படி) 42,000, ஹாஸ்டல் குடுக்காட்டி வீட்டு வாடகைப் படி தனி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா முதல் பணம் முதல் மாசமே வராது. ஜாயினிங் ரிப்போர்ட், பேங்க் விவரம், கையெழுத்துன்னு சுத்தி வர மூணு நாலு மாசம் கூட ஆகலாம். சேர்றதுக்கு முன்னாடி 50,000 ரூபாயாவது கைல வெச்சுக்குங்க, முன்பணம், மெஸ், பெட்டு, ஃபேனு எல்லாம் முதல் வாரத்துலயே வந்து நிக்கும். நான் அக்கா வளையல அடகு வெச்சுத்தான் வந்தேன், நவம்பர்ல மீட்டேன்.

சென்னை சென்ட்ரல்ல இருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ் இருக்கு, ஒன்றரை நாள் கிட்ட ஆகும், ஜூலைல டிக்கெட் கிடைக்காது, செலெக்ஷன் லிஸ்ட் வந்த அன்னைக்கே போட்டுடுங்க. ஒரிஜினல் ஃபைல பெட்டில வெக்காதீங்க, தோள் பைல, தலைமாட்டுல. மூணு செட் ஜெராக்ஸ், பத்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இங்க பருப்புல சக்கரை போடுவாங்க, ஊறுகா எடுத்துட்டு வாங்க.

சேர்ற அன்னைக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேப்பாங்க, ஆஃபர் லெட்டரோட கடைசிப் பக்கத்துல அந்த ஃபார்ம் ஒட்டியிருக்கும், யாரும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கறதில்ல. அரசு டாக்டர் கையெழுத்து, ரெஜிஸ்டர் நம்பரோட சீல், போட்டோ மேல பாதி விழற மாதிரி இன்னொரு சீல். ஊர்லயே ஜிஎச்சுல காலைல போய் முடிச்சிட்டு வந்துடுங்க, பாஷை தெரியாத ஊர்ல அதுக்கு அலைஞ்சா எனக்கு ஆன மாதிரி ரெண்டு நாள் போயிரும்.